மாவு, சீட்டு, பாலிசி: நங்கநல்லூர் அடுக்குமாடி ஒன்றில் உபரி வருமானச் சுழற்சி குறித்து ஓர் ஆய்வு

சென்னையில் மாதச் சம்பளம் மாதக் கடைசிவரை நிற்பதில்லை. இது நிறுவத் தேவையில்லாத உண்மை என்பதால் இக்கட்டுரை அதை நிறுவ முற்படவில்லை. சம்பளம் தீர்ந்த தேதிக்கும் அடுத்த சம்பளம் ஏறும் தேதிக்கும் இடையே குடும்பங்கள் எவ்வாறு உயிர் தரிக்கின்றன என்பதே நம் வினா. பொருளியல் நூல்கள் இதற்குத் தரும் விடை சேமிப்பு. அப்படியொரு பொருள் ஆய்வுக் களத்தில் தென்படவில்லை. எனவே, அங்கே தாராளமாகத் தென்பட்ட ‘சைடு இன்கம்’ என்பதை எடுத்துக்கொள்கிறோம்.

களம், நங்கநல்லூரில் லிஃப்ட் உண்டு, ஆனால் ஓடாது என்ற வகையைச் சேர்ந்த ஓர் அடுக்குமாடி. திணை மரபை ஒட்டிப் பகுத்தால், பெரும்பொழுது பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதம். சிறுபொழுது மாலை ஐந்து முதல் ஒன்பது வரை. கருப்பொருள்கள் டில்டிங் கிரைண்டர், எடை மெஷின், வாட்ஸ்அப் குழு, டியூஷன் வீட்டு வாசலில் குவியும் குழந்தைச் செருப்புகள். உரிப்பொருள் கூச்சமும் கூச்சம் நிமித்தமும். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே தலையாயது. இங்கே எதை விற்பதும் கடினமன்று. எதிர்வீட்டார் விற்கும்போது வேண்டாம் என்று சொல்வதுதான் ஆகாத காரியம்.

சம்பளம் நிற்காத இந்த நோய்க்கு முதல் காரணம் வாடகை. அட்வான்ஸாக மூன்று மாத வாடகை என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஓர் அளவு சொல்கிறது. பத்து மாதம் என்பது சென்னையின் பழைய வழக்கம். சட்டம் புதிது, வழக்கம் மூத்தது. மூத்தோர் சொல்லை இளையவர் தட்டலாமா என்று வீட்டு உரிமையாளர் கேட்டால் குடியிருப்பவரிடம் பதில் இல்லை.

உபரி வருமானம் மாவில் தொடங்குகிறது. முதல் மாடி மாமி தன் வீட்டுக்கு அரைத்ததில் மிஞ்சியதை ஒருநாள் பக்கத்து வீட்டுக்கு டப்பாவில் கொடுத்தார். வாங்கிய டப்பாவை வெறுமையாகத் திருப்பக் கூடாது. கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத் தர வேண்டும். அன்று பக்கத்து வீட்டில் சர்க்கரை தீர்ந்திருந்தது, ஐம்பது ரூபாயைப் போட்டுத் தந்தார்கள். வணிகத்தின் தோற்றத்தைச் சிந்துச் சமவெளியில் தேடுவோர் இந்த டப்பாவைக் கவனிக்கவில்லை.

உற்பத்தி முறை எளிது. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். இரண்டரை கிலோவுக்குக் குறையாமல் மாவு காணும். மீதி எடை எங்கிருந்து வந்தது என்றால் தண்ணீரிலிருந்து. உளுந்து குடிக்கும் தண்ணீரே மாமியின் லாபம், பழைய உளுந்து குறைவாகக் குடிக்கும், ஆகவே மளிகைக் கடையில் மாமி கேட்கும் முதல் கேள்வி “இது புதுசா?” என்பது. மாவு பொங்குவதால் லாபம் கூடும் என்று கருதுவது பாமரப் பிழை. மாவு எடைக்கு விற்கப்படுகிறது. பொங்கியதில் உள்ளது காற்று. இந்த நுட்பத்தை உணர்ந்த மூன்றாம் மாடிக்காரர் எடை மெஷினை ஒதுக்கிவிட்டு டம்ளர் கணக்கில் விற்கத் தொடங்கியது தனி அத்தியாயம்.

கத்திரி வெயிலில் காலையில் அரைத்தது மாலைக்குள் பாத்திரத்தை விட்டு வெளியேறும். மார்கழியில் மாவுக்கும் போர்வை தேவைப்படும். முதல் நாள் அது இட்லி மாவு. இரண்டாம் நாள் தோசை மாவு. மூன்றாம் நாள் ஊத்தப்ப மாவு. அதற்கு மேல் ‘வெங்காயம் நிறையப் போட்டுப் பணியாரம் சுடுங்கோ’ என்ற ஆலோசனையோடு பாதி விலை. சரக்கு கெடுவதில்லை, பதவிப் பெயர் மட்டும் மாறுகிறது. இந்நிர்வாக முறையை மாமி தன் கணவரின் அலுவலகத்திலிருந்து கற்றிருக்கலாம்.

அரசு இத்தொழிலைக் கண்டுகொள்ளாமல் இல்லை. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் விற்பனைவரை உணவுப் பாதுகாப்புத் துறையில் வெறும் பதிவு போதும் என்றே நெடுங்காலம் விதி இருந்தது. கட்டணமும் ஆண்டுக்கு 100 ரூபாயாகத்தான் இருந்தது. அதை மாமி இரண்டு கிலோவில் எடுத்துவிடுவார். மின்வாரியம் அத்தனை இளகிய மனத்தது அன்று. இரண்டு மாதத்துக்கொரு கணக்கில் முதல் சில யூனிட்டுகள் இலவசம். 500-ஐத் தாண்டினாலோ, தாண்டிய யூனிட்டோடு விஷயம் முடிவதில்லை. அதற்கு முன் சாதுவாக ஓடிய யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். அந்த 501ஆவது யூனிட்டில் கிரைண்டர் சுற்றும் ஒரு சுற்று உலகிலேயே விலையுயர்ந்த இட்லியை உற்பத்தி செய்கிறது. அதனால்தான் கணக்கெடுக்கும் தேதி நெருங்கும்போது மாமி “கல்லு தேஞ்சுடுத்து, கொத்தக் குடுத்திருக்கேன்” என்று நான்கு நாள் விடுப்பு அறிவிக்கிறார்.

இங்கே ஓர் இடைச் செருகல். உபரி வருமானம் ஏன் எப்போதும் மனைவி பெயரில் நடக்கிறது? இதை மகளிர் முன்னேற்றம் என்று விளக்குவோர் உண்டு. நாம் விதிப் புத்தகத்தைப் புரட்டினோம். மத்திய அரசு ஊழியர் அனுமதியின்றித் தனித்தொழில் செய்யக் கூடாது என்கிறது 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 15ஆம் விதி. மனைவி நடத்தும் இன்ஷூரன்ஸ் ஏஜென்சிக்காகக் கணவர் ஆள் பிடிப்பதும் விதிமீறலே என்று அதே விதியின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. அதை எழுதியவர் எப்படியும் ஏதாவதோர் அடுக்குமாடியில் குடியிருந்திருப்பார். கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. இரண்டாம் மாடியில் டியூஷன் எடுப்பவர் ஆசிரியையின் கணவர். ஆசிரியை அதே அறையில் அமர்ந்து தற்செயலாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பார், பிள்ளைகள் தற்செயலாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வருமான வரியிலோ, மனைவிக்கு இனாமாகக் கொடுத்த சொத்தில் வரும் வருமானம் கணவன் கணக்கில் சேரும் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆம் பிரிவு விதித்தது. கிரைண்டர் கணவர் வாங்கித் தந்தது. அப்படியானால் மாவு யாருடைய வருமானம்? இந்தச் சிக்கலை மாமியிடமே முன்வைத்தோம். “கல்லை அவரா அலம்பறார்?” என்றார். வரிச் சட்டத்துக்கு இதைவிடத் தெளிவான உரை கிடைப்பது அரிது.

மற்றத் தொழில்களை விரைந்து கடப்போம். இளம்பிள்ளைச் சேலைகளை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்பவர் ஒருவர். அவர் சேலையைக் கண்ணால் பார்ப்பது வாங்கியவர் கட்டிக்கொண்டு படியிறங்கும்போதுதான். ஃபால்ஸ் தைப்பவர் ஒருவர். சேலைக்காரரின் வளர்ச்சியே இவர் வளர்ச்சி. சீட்டுப் பிடிப்பவர் நான்காம் மாடி. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சீட்டு நடத்துபவரின் கமிஷனை 5 சதவீதத்திலிருந்து 7 ஆக உயர்த்தியதும், சிறு சீட்டுகளுக்கான விலக்கு வரம்பை மாநில அரசுகளிடம் விட்டதும் அவருக்கு மனப்பாடம். பாலிசிக்காரர் தரைத் தளம். எல்லோரும் அவர் வீட்டைத் தாண்டித்தான் படியேற வேண்டும் என்பது தற்செயலன்று. “முதல் பிரீமியத்துல பாதியை நானே போட்டுடறேன் சார்” என்பார். 1938ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41ஆம் பிரிவு இதைக் குற்றம் என்கிறது. ஆனால், அவர் இதைப் படிக்கட்டில் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறார்.

இனி ஆய்வின் மையம். மாமி தன் பேரனுக்கு டியூஷன் கட்டணமாக 500 ரூபாய் தருகிறார். டியூஷன் வீட்டார் அதில் சேலைத் தவணை கட்டுகிறார்கள். சேலைக்காரர் அதைச் சீட்டுப் பாக்கிக்குத் தருகிறார். சீட்டுக்காரர் பிரீமியம் கட்டுகிறார். பாலிசிக்காரர் வீட்டில் ஆறு பேர், அத்தனை பேரும் தோசைப் பிரியர்கள். பணம் மாமியிடம் வந்து சேருகிறது. கட்டடத்துக்குள் ஒரு பைசாகூடப் புதிதாக நுழையவில்லை. ஆயினும் ஐந்து குடும்பங்களும் தங்களுக்கு மாதம் 500 ரூபாய் சைடு இன்கம் உண்டு என்று ஊருக்குச் சொல்லலாம், சொல்கிறார்கள். அனைவரும் சொல்வது உண்மையும்கூட.

இதற்கு மொய்க் கோட்பாடு என்று பெயரிடுகிறோம். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்கள் சந்திக்கும் பகுதியில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு மொய் வாங்கி, யார் எவ்வளவு என்று நோட்டில் ஏற்றி, அவர் விருந்து வைக்கும்போது சற்றே கூட்டித் திருப்பிச் செய்வார்கள். வாங்கியவர் அந்தப் பணத்தில் கிணறு வெட்டலாம், மகளைக் கட்டிக் கொடுக்கலாம். யாரும் அதை வருமானம் என்று சொல்லிக்கொள்வதில்லை. நங்கநல்லூரில் கறிச்சோறு இல்லை, நோட்டு உண்டு. அது மனத்தில் இருக்கிறது. “நாம ரெண்டு சேலை எடுத்தோம், அவா மாசம் ரெண்டு கிலோதான் வாங்கறா” என்று மாமி சொல்லும்போது அதன் பக்கங்கள் புரளும் ஓசை கேட்கும். ஆடிட்டர் வைக்கும் கணக்கில் இத்தனை துல்லியத்தை நாம் கண்டதில்லை.

பைக் டாக்ஸி ஓட்டும் ஐந்தாம் மாடி இளைஞரை ஆய்விலிருந்து விலக்க நேர்ந்தது. அவர் முன்பின் அறியாதவர்களிடம் பணம் வாங்குகிறார். அவர்களிடம் திருப்பி எதையும் வாங்க வேண்டிய கட்டாயமும் அவருக்கில்லை. இத்தகைய நடத்தையை நம் கோட்பாட்டில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்டடத்திலும் அவரைச் சற்று ஒதுக்கியே வைத்திருக்கிறார்கள். மாவு மட்டும் ரொக்கத்துக்குத் தருகிறார்கள்.

சுழற்சியிலிருந்து பணம் கசிவது இரண்டு இடங்களில். ஒன்று மின்வாரியம், முன்பே கண்டோம். மற்றது வீட்டு உரிமையாளர். அவர் சேலை வாங்குவதில்லை, சீட்டில் சேருவதில்லை. பதினோரு மாதம் முடிந்ததும் “உங்களுக்கெல்லாம் இப்ப நல்லா போகுதுன்னு கேள்விப்பட்டேன்” என்று நலம் விசாரித்துவிட்டு வாடகையைக் கூட்டுகிறார். சுழலும் பணத்தை உறிஞ்சும் அவரே ஆதாயம் பெறும் ஒரே மனிதர் என்று முடிவுரையை எழுதியும் விட்டோம். அச்சுக்குப் போகுமுன் அவரைச் சந்தித்தபோது அதை அடிக்க வேண்டியதாயிற்று. மகனின் அலுவலகத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்காக அவர் சோழிங்கநல்லூரில் வாடகைக்குக் குடியிருக்கிறார். நங்கநல்லூர் வாடகை அவருடைய சைடு இன்கம். அதை அப்படியே அங்குள்ள உரிமையாளரிடம் கொடுத்து, மேற்கொண்டு கொஞ்சம் கைக்காசும் போடுகிறார். போதாததற்கு அந்த அடுக்குமாடியிலும் எதிர்வீட்டில் ஒருவர் பாலிசி விற்கிறார், மேல்வீட்டில் மாவு. அங்கே கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதல்.