வேலி இல்லாத வளவு

கேள்வி: கனடாவில் மகன் பொதுத்தோட்டத்தில் பாத்தி எடுத்திருக்கிறானாம். இங்கே மண்வெட்டியைக் கண்டால் தலையிடி வரும் பிள்ளை. அங்கே மட்டும் எப்படி? (சுன்னாகம்)

பதில்: இங்கே நீங்கள் ஏவினீர்கள், அங்கே ஏவ ஆளில்லை. அதோடு தமிழ்க்கடையில் முருங்கைக்காய் விலையையும் பார்த்திருப்பான். ரொறன்ரோவில் உறைபனி விலகவே மே நடுப்பகுதி ஆகிவிடும், ஒக்ரோபரில் திரும்ப வந்து நிற்கும். இடைப்பட்ட ஐந்து மாதத்துக்குள் கத்தரி, பயற்றை, பாகல், புடோல் எல்லாம் காய்த்து முடிய வேண்டும். அதனால் வெளியே பனி கிடக்கும்போதே ஜன்னலோரச் சாடியில் நாற்றுப் போடுகிறார்கள். கெடு வைத்தால்தான் எங்கள் ஆட்களுக்குக் கை ஓடும்.

கேள்வி: லண்டனில் தங்கை ‘அலொட்மென்ட்’ கிடைத்தது என்று துள்ளுகிறாள். சொந்தக் காணியா? (மானிப்பாய்)

பதில்: இல்லை, வருட வாடகைக்கு விடும் தோட்டத் துண்டு. கேட்பவர்களுக்கு இப்படி நிலம் ஒதுக்கும் கடமையை உள்ளூராட்சிச் சபைகள்மீது சுமத்திய சட்டம் 1908இல் வந்தது. ஒரு துண்டின் பழைய அளவு பத்து ‘றொட்’. எங்கள் ஒரு பரப்பும் பத்துப் பேர்ச். இரண்டும் ஒன்றுதான், ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஊரில் அஞ்சு பரப்பை விட்டுப் போனவள் அங்கே ஒரு பரப்புக்குப் பெயர் பதிந்து காத்திருந்திருக்கிறாள். துள்ளட்டும்!

கேள்வி: பக்கத்துப் பாத்தி வேற்று நாட்டுக்காரராம். ஒத்துப்போகுமா? (கொக்குவில்)

பதில்: ஒரு முழ வேலிக்கு ஒரு தலைமுறை கோட்டுப்படி ஏறிய ஊர்க்காரர் கேட்கும் கேள்விதான்! அங்கே பாத்திகளுக்கு நடுவில் பெரும்பாலும் வேலியே கிடையாது. ஜேர்மனியின் கோத்திங்கன் நகரில், பொஸ்னியப் போரில் அகதிகளாக வந்த பெண்களிடம் எது இல்லாமல் தவிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஊரில் விட்டுவந்த தோட்டம் என்று பதில் வந்தது. 1996இல் அங்கே பல நாட்டவரும் சேர்ந்து பயிரிடும் தோட்டம் உருவானது, பிறகு நாடு முழுக்கப் பரவியது. அகதி என்றால் அரிசியும் போர்வையும் கொடுத்தால் சரி என்று நினைக்கிறோம். தன் கையால் விளைந்ததை இன்னொருவருக்கு அள்ளிக் கொடுக்கும் நிலையும் போர் பறித்ததுதான். பாத்தி அதைத் திருப்பிக் கொடுக்கிறது.

கேள்வி: மருமகளுக்கு வல்லாரையும் கத்தரி விதையும் பெட்டிக்குள் ஒளித்து அனுப்பலாமா? பிரான்சில் இருக்கிறாள். (சாவகச்சேரி)

பதில்: வேண்டாம். 2019 டிசெம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செடி, விதை, காய்கறி கொண்டுபோகத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். விலக்கு அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், டுரியான், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டும். மாமியார் தரும் சான்றிதழ் விமான நிலையத்தில் செல்லாது. அங்கே ஏற்கெனவே பயிரிடும் எங்கள் ஆட்களிடம் விதை கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குளிர்நாட்டு மண்ணில் விளைந்ததைப் போட்டுக் காய்ச்சினால் அது அசல் யாழ்ப்பாணக் கூழ் ஆகுமா? (பருத்தித்துறை)

பதில்: அசல் என்று தொடங்கினால் உங்கள் சட்டியையும் கிளற வேண்டிவரும். மரவள்ளி தென்னமெரிக்காவின் பிள்ளை. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குத்தான். போத்துக்கேயரின் கப்பல் போக்குவரத்தோடு அது ஆசியாவுக்கு வந்து சேருமுன், எங்கள் முன்னோருக்கு உறைப்பு என்றால் மிளகுதான். தோட்டக்காரரை வாழவைத்த புகையிலை, சொதிக்குப் போடும் தக்காளி, பூசணிக்காய் எல்லாமே அப்படி வந்தவை. வந்தேறிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தால் ஒடியல் மாவும் நண்டும் மிஞ்சும், அதைக் குடிக்க நீங்களே வரமாட்டீர்கள். அன்று இங்கே வந்திறங்கிய செடிக்கு இடம் கொடுத்தோம். இன்று எங்கள் பயற்றங்கொடிக்கு ஸ்காபரோக்காரன் கம்பு நட்டுக் கொடுக்கிறான், அவ்வளவுதான்.

கேள்வி: அங்கே பனை வளருமா? (வேலணை)

பதில்: வளராது. ஒடியல் மா பார்சலில் போகட்டும். முருங்கையையும் கறிவேப்பிலையையும் சாடியில் வைத்துப் பனிக்காலத்தில் வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். பனையை எந்த வீட்டுக்குள் இழுப்பது?

கேள்வி: பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு. அஞ்சு பரப்பு வளவு பற்றை பிடித்துக் கிடக்கிறது. விற்கச் சொல்கிறார்கள். (இணுவில்)

பதில்: விற்பது உங்கள் விருப்பம். அதுவரைக்கும் சும்மா கிடப்பானேன்? ஊர்ச் சனசமூக நிலையத்திடமோ காணியில்லாத நாலு குடும்பத்திடமோ பாத்தி பிரித்துக் கொடுங்கள். எத்தனை வருடம், கிணற்றை யார் இறைப்பது, விளைச்சலில் உங்கள் பங்கு என்ன என்பதை எழுத்தில் வையுங்கள். வாய்ப்பேச்சு யாழ்ப்பாணத்தில் வழக்காகத்தான் முடியும். யூரியாவை அள்ளிக் கொட்ட மட்டும் விடாதீர்கள். சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைதான் எங்கள் கிணற்றுநீர், வலிகாமத்தில் பல கிணறுகளில் ஏற்கெனவே நைத்திரேற்று கூடிக் கிடக்கிறது. மாட்டெருவும் குழையும் போதும். மாரி தொடங்குமுன் பற்றையை வெட்டுவியுங்கள், விலை கேட்டு வருகிறவரைத் தை பிறந்தபின் வரச் சொல்லுங்கள்.