73 திண்டிவனம்

துபாய், தேரா.

மாமாவுக்கு,

நான் சௌக்கியம். அத்தைக்கு முட்டிவலி தேவலையா? போன வாரம் போனில், "துபாய் எத்தனை கிலோமீட்டர்டா, எத்தனை மணி நேரம்?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் "சரி சரி" என்று வைத்துவிட்டீர்கள். முப்பது வருஷம் கண்டக்டராக விசில் ஊதிய பழக்கம்! அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கணக்கிலேயே சொல்கிறேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ரோட்டில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சென்னையிலிருந்து துபாய்க்கு வானத்தில் நேர்க்கோடு பிடித்தால் சுமார் 2,930. ஆக, 73 திண்டிவனம். மேலே ஏறி நிதானப்பட்ட பிறகு விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போல ஓடுகிறது. ஒரு திண்டிவனத்துக்கு முழுசாக மூன்று நிமிஷம்கூட ஆவதில்லை. அந்த நேரத்தில் நீங்கள் முன்படிக்கட்டு ஆட்களுக்கே டிக்கெட் கிழித்து முடித்திருக்க மாட்டீர்கள். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று ஒரு ஸ்டேஜும் கிடையாது. சில்லறைத் தகராறும் கிடையாது.

டிக்கெட்டில் போட்ட நேரம் நாலேகால் மணி. அது முழுக்கப் பறக்கிற நேரம் இல்லை, மாமா. நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கிறவரை கணக்கு. டைம் கீப்பர் கையெழுத்துப் போட்டதும் உங்களுக்கு நேரம் ஓட ஆரம்பிக்குமே, அதேதான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்து நிற்பதும் அதற்குள் அடக்கம்.

விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி இங்கே இறங்கினால் சுவர்க்கடிகாரம் 8.15 காட்டவேண்டியது 6.45 காட்டுகிறது. துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். கடிகாரத்துக்கு இரண்டே முக்கால் மணிப் பயணம், என் முதுகுக்கு நாலேகால். ஊருக்குத் திரும்பும்போது அந்த ஒன்றரை மணியைக் கறாராகப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆனாலும் பனிக்காலத்தில் உயரத்தில் மேல்காற்று பலமாக அடிக்கும். ஊர்ப்பக்கம் வருகிற விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். அதனால் போவதைவிட வருவது கொஞ்சம் சீக்கிரம்.

அந்தச் சீக்கிரத்தை நம்பித்தான் போன பொங்கலுக்கு ஏமாந்தேன். மீனம்பாக்கத்திலிருந்து நம் வீடு மூன்றரைத் திண்டிவனம்தான். பெட்டிக்கு முக்கால் மணி, கிளாம்பாக்கம் போக ஒரு மணி, பொங்கல் கூட்டத்தில் நகர்ந்து செங்கல்பட்டு தாண்ட இரண்டு மணி. கண் அசந்தபோது ஒரு பையன் பஸ்ஸைப் பக்கவாட்டில் தட்டித்தட்டி, "வண்டி பத்து நிமிஷம் நிக்கும்" என்றான். நாற்பது நிமிஷம் நின்றது. டீ விலையைக் கேட்டு, திர்ஹாமில் சொல்கிறானோ என்று சந்தேகப்பட்டேன். 73 திண்டிவனத்துக்கு நாலு மணி, மிச்சம் மூன்றரைக்கு ஆறு மணி!

இந்தப் பொங்கலுக்கும் வருகிறேன். விமானம் இறங்கியதும் போன் செய்வேன். அத்தையை உடனே வெந்நீர் போடச் சொல்லிவிடாதீர்கள். கூட்டேரிப்பட்டில் இன்னொரு போன் வரும், அப்போது அடுப்பை ஏற்றினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்