உள்ளேன் ஐயா

பள்ளிக்கூடத்துக்கு நான் மட்டம் போட்ட நாட்கள் குறைவு. வருகைப் பதிவேட்டின்படி அதிகம். காரணம் என் குரல். ஏழாம் வகுப்பில் வாத்தியார் என் பெயரைக் கூப்பிடுவார். நான் எழுந்து நின்று, கீச்சென்று, "உள்ளேன் ஐயா" என்பேன். அவர் தலை நிமிராமலே, "பையன் பேருக்குப் பதில் சொல்றது எந்தப் பொண்ணு?" என்று பெண்கள் வரிசையை அதட்டிவிட்டு, எனக்கு ஆப்சென்ட் போட்டுவிடுவார். நான் நின்றுகொண்டே இருப்பேன். நிற்பவனை யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு அன்றே தெரியும்.

முப்பத்து நாலு வருஷம் கழித்து அதே புகார் ஆங்கிலத்தில் வந்தது. 2016 மே மாதம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், ஒரு வங்கிக் கிளைக்கு நான் மேனேஜர். ஆண்டு மதிப்பீட்டில் மேலிடம் எழுதியிருந்தது: வேலையில் குறையில்லை, எக்ஸிக்யூடிவ் பிரசன்ஸ் இல்லை.

வங்கிக்காரனுக்குப் பிரசன்ஸ் என்றால் இருப்பு. பெட்டியில் கையிருப்பு பைசா சுத்தமாக இருந்தது. ஆளிருப்பில்தான் துண்டு விழுந்திருக்கிறது. அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கையேட்டில் தேடிப் பார்த்தேன். இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே சென்னையில் மூன்று நாள் பயிற்சிக்கு உத்தரவு வந்துவிட்டது.

நட்சத்திர ஹோட்டல். மார்கழிக் குளிரை மிஞ்சும் ஏ.சி. பயிற்சியாளர் முப்பது வயதுப் பையன். கோட்டு அவனோடு சேர்ந்தே பிறந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. பலகையில் மூன்று எண்கள் எழுதினான்: 67, 28, 5. சில்வியா ஆன் ஹியூலெட் என்ற பொருளாதார அறிஞர் இதற்கென்றே 2014-இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாராம். தலைமைக்கு எது ஆதாரம் என்று பெரிய அதிகாரிகளைக் கேட்டதில், 67 சதவீதம் பேர் கிராவிடாஸ் என்றார்களாம். 28 சதவீதம் பேர் பேச்சு. வெறும் 5 சதவீதம் பேர் தோற்றம்.

கிராவிடாஸ் லத்தீன் சொல். கனம் என்று பொருள். இதை நம் ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் மந்திரி பெயருக்கு முன்னால் 'கனம்' என்று போடுவோம். கோர்ட்டில் இன்றும் 'கனம் கோர்ட்டார்' உண்டு. என் கனம் ஐம்பத்திரண்டு கிலோ. அதுவும் சாவிக்கொத்தோடு.

வேடிக்கை என்னவென்றால், அந்த 5 சதவீதத் தோற்றத்துக்குப் பயிற்சியில் முழுசாக ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். டை முடிச்சுக்கே ஒரு மணி நேரம். கனத்துக்கு அரைமணிதான், அதுவும் மதியம் பிரியாணிக்குப் பிறகு. அந்த நேரத்தில் கனம் எல்லோருக்கும் தானாகவே வந்திருந்தது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கனத்தோடு குறட்டையும் விட்டார்.

அடுத்து, நாம் சொல்வதில் வார்த்தைக்கு மதிப்பு 7 சதவீதம்தான், குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்றான் பையன். எனக்குக் குலை நடுங்கியது. அப்படியானால் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை இனிமேல் நடித்துத்தான் காட்ட வேண்டும். ஊருக்கு வந்து விசாரித்தேன். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் பேராசிரியர் 1967-இல் செய்த சோதனைகளில் பிறந்த கணக்கு அது. ஒருவர் தம் விருப்பு வெறுப்பைச் சொல்லும்போது வார்த்தை ஒன்றாகவும் முகம் ஒன்றாகவும் இருந்தால், கேட்பவர் எதை நம்புகிறார் என்பதற்கு மட்டுமே பொருந்தும். எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். அந்த எச்சரிக்கை வெறும் வார்த்தைகளில் இருந்ததால் யாருக்கும் எட்டவில்லை போலும்.

மூன்றாம் நாள், பவர் போஸ். காலை அகட்டி, இடுப்பில் இரண்டு கையும் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி இரண்டு நிமிஷம் நின்றால் உடம்பில் வீரம் ஊறுமாம். ஏமி கடி என்ற பேராசிரியர் 2012-இல் டெட் மேடையில் பேசி உலகம் முழுக்கப் பரவிய வித்தை. நாங்கள் முப்பது மேனேஜர்கள் வரிசையாக அப்படி நின்றோம். தண்ணீர்ப் பாட்டில் வைக்க வந்த ஹோட்டல் பையன், யாரையோ அடிக்கப் போகிறோம் என்று நினைத்துக் கதவோடு திரும்பிவிட்டான்.

ஊருக்குத் திரும்பியதும் செயலில் இறங்கினேன். முதலில் கோட்டு. என்னிடம் இருந்தது கல்யாண வரவேற்புக்குத் தைத்த கறுப்புக் கோட்டு ஒன்றுதான். பீரோவைத் திறந்ததும் பதினெட்டு வருஷத்துப் பன்னீர் வாசனை வந்தது. "யாருக்குக் கல்யாணம்?" என்றாள் மனைவி. அதைப் போட்டுக்கொண்டு ஆகஸ்ட் மாத வெயிலில் கிளைக்குப் போனேன். கரண்ட் இல்லை. பதினொரு மணிக்கு ஒரு பெரியவர் பத்திரக் கட்டோடு கேபினுக்குள் வந்து, "ஐயா, நோட்டரி கையெழுத்துக்கு எவ்வளவு வாங்குறீங்க?" என்றார். மத்தியானத்துக்குள் இன்னும் இருவர். வங்கி வேலை போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் மட்டும் வந்தது.

அடுத்தது குரல். மார்கரெட் தாட்சர் பயிற்சி எடுத்துத் தம் குரலை இறக்கிக்கொண்டார், பிரிட்டனின் பிரதமரும் ஆனார் என்று பையன் சொல்லியிருந்தான். எனக்கு அவ்வளவு ஆசை கிடையாது. போனில் பேசுகிறவர்கள் "மேடம், மேனேஜர் சார் இருக்காரா?" என்று கேட்காமல் இருந்தால் போதும். ஒரு வாரம் அடிவயிற்றிலிருந்து பேசிப் பழகினேன். எட்டாம் நாள் போன் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, "ஹலோ" என்றேன். எதிர்முனையில் உண்மையான கவலை: "என்ன மேடம், சளியா? உடம்பைப் பாத்துக்குங்க."

பவர் போஸ் வீட்டில் முடியாது. பாத்ரூமில் ஒருநாள் நின்றேன், இரண்டு நிமிஷம் சத்தமே இல்லாததால், "உள்ளே பல்லியா?" என்று மனைவி கதவைத் தட்டினாள். அதனால் ஆபீஸ் ரெக்கார்ட் ரூமில் வைத்துக்கொண்டேன். பழைய லெட்ஜர்களுக்கு நடுவே, இடுப்பில் கை வைத்து, எம்.ஜி.ஆர். படப் போஸ்டர் மாதிரி. எங்கள் பியூன் டீ டம்ளரோடு வந்துவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாயுவா இருக்கும் சார். மோர்ல பெருங்காயம் போட்டுக் குடிங்க, சரியாயிடும்" என்றார். மறுநாளிலிருந்து பதினொரு மணி டீக்குப் பதிலாக மோர் வந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு செய்தி வந்தது. பவர் போஸின் மூல ஆய்வு 2010-இல் வெளியானது, எழுதியவர்கள் மூவர். அதில் முதல் பெயருக்குரிய டேனா கார்னி, இந்த வித்தைக்கு அப்படியொரு விளைவு இருப்பதாகத் தமக்கு இப்போது நம்பிக்கையில்லை என்று அறிவித்துவிட்டார். ஏமி கடி விட்டுக்கொடுக்கவில்லை. கூட்டுக் கடனில் ஒருவர் மட்டும் கையெழுத்தை வாபஸ் வாங்கிய கதை. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களே 42 பேர்தானாம். எங்கள் கிளையில் மகளிர் குழுக் கூட்டம் போட்டால் அதைவிட அதிகம் பேர் வருவார்கள். ஆக, ஒரு மாதமாக நான் நின்றதற்குக் கண்கண்ட பலன் மோர்தான்.

மிச்சம் இருந்தது மௌனம். தலைவர்கள் குறைவாகப் பேச வேண்டும். நமக்குத் தெரியாததா? ஒன்பது வருஷம் தமிழ்நாட்டை ஆண்ட காமராஜர், கேட்டவர்களுக்கெல்லாம் "ஆகட்டும், பார்க்கலாம்" என்ற இரண்டு சொல்லில் பதில் சொல்வார் என்பார்கள். டிராக்டர் கடன் கேட்டு வந்த ஒரு மிராசுதாரிடம் அதையே சொல்லிப் பார்த்தேன். காமராஜர் சொன்னால் இரண்டு சொல்லும் கேட்கும். நான் சொன்னதில் முதல் சொல்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. மூன்றாம் நாள், ஷோரூமில் முன்பணம் கட்டிய ரசீதும் இரண்டு கிலோ லட்டுமாக வந்து நின்றார். நான் கேபினை விட்டு வெளியே வருவதற்குள் பியூன் லட்டை எல்லோருக்கும் கொடுத்து முடித்திருந்தார். கடனை மறுத்துவிடலாம், தின்ற லட்டை என்ன செய்வது?

பேசுவதற்கு முன் மூன்று விநாடி நிறுத்து என்பது இன்னொரு பாடம். அந்த இடைவெளியில் கேட்பவர்கள் உங்களை எடைபோடுவார்களாம். வாராந்திர கான்ஃபரன்ஸ் காலில் மண்டல மேலாளர் எங்கள் கிளையைக் கூப்பிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன். மூன்று வருவதற்குள், "லைன்ல இல்லை போலிருக்கு. அடுத்த பிராஞ்ச்" என்றார். மறுபடியும் ஆப்சென்ட்.

இத்தனைக்கும் நடுவில், எந்தப் பயிற்சிக்கும் போகாத ஒருவர் எங்கள் கிளையிலேயே இருந்தார். ஹெட் கேஷியர் அம்மா. உயரம் ஐந்தடிக்கு உள்ளே. முப்பத்தோரு வருஷ சர்வீஸ். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் கவுண்டர் முன்னால் நிற்கும் கூட்டம் தானாக வரிசையாகும். "பத்து நிமிஷம் உக்காருங்க" என்பார், கட்சிக்காரர்களும் உட்காருவார்கள். நான் சொன்னால் யாரும் உட்காருவதில்லை. இதன் சூட்சுமம் எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது நிமிஷம் அவரே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் 'பத்து நிமிஷம்' என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. அவர் சொல்வது பத்து நிமிஷம்.

நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை, இரவு எட்டு மணி. ஐந்நூறும் ஆயிரமும் நள்ளிரவோடு செல்லாது என்று பிரதமர் டி.வி.யில் அறிவித்தார். மறுநாள் வங்கி திறக்கவில்லை. வியாழக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு நான் போனபோது, கிளை வாசலில் தொடங்கிய வரிசை பஸ் ஸ்டாண்டில் முடிந்தது. ஆளுக்கு நாலாயிரம் மாற்றிக் கொடுக்கலாம். அடையாள அட்டையும் படிவமும் வேண்டும். உள்ளே இருந்த நூறு ரூபாய்க் கட்டுகள் பதினொன்றரைக்குத் தீர்ந்தன. புதிய இரண்டாயிரம் ஒன்றும் வந்து சேரவில்லை. ஏ.டி.எம். வெளியே அலங்காரத்துக்கு நின்றது.

வாசலில் இரைச்சல் ஏறியது. கிரில் கதவு ஆடியது. என் மூன்று நாள் பயிற்சி முழுவதும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. கோட்டைத் தேடி எடுத்தேன்.

"அதைக் கழட்டி வைங்க சார்," என்றார் ஹெட் கேஷியர் அம்மா, எண்ணுவதை நிறுத்தாமல். "வக்கீல்னு நினைச்சுக் கேஸ் போடச் சொல்வாங்க. இல்லைங்கிறதை இல்லைன்னு சொல்லுங்க. திரும்ப எப்ப வருவேன்னு ஒரு நேரம் சொல்லுங்க. அந்த நேரத்துக்குப் போய் நில்லுங்க. அவ்வளவுதான்."

சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வெளியே வந்து, டீக்கடை ஸ்டூல் ஒன்றில் ஏறினேன். அடிவயிறு, மூன்று விநாடி எல்லாம் மறந்துபோயிற்று. வாயைத் திறந்தேன். பிறவிக் குரல் வந்தது.

"கையில பணம் தீர்ந்துடுச்சு! வண்டி வரணும்! அரைமணி கழிச்சு, பன்னிரண்டு மணிக்கு மறுபடி வந்து சொல்றேன்! வண்டி வராட்டியும் வந்து சொல்றேன்!"

பஸ் ஸ்டாண்டில் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி ஆள்வரை கேட்டிருக்கிறது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நாயனச் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும்; அதற்கு ஆதாரமான சீவாளி விரற்கடை நீளந்தான். கனமான குரலாக இருந்திருந்தால் அந்த இரைச்சலில் முதல் பத்துப் பேரோடு அமுங்கியிருக்கும்.

பன்னிரண்டுக்குப் போனேன்: வரவில்லை. பன்னிரண்டரை: வரவில்லை. ஒரு மணி: கும்பகோணம் தாண்டிவிட்டது. ஒன்றரைக்கு நான் ஸ்டூல் மேல் ஏறுவதற்கு முன்பே வரிசை அமைதியானது. பெரும்பாலும் நான் சொன்னது கெட்ட செய்திதான். ஆனாலும் யாரும் கிரில்லைப் பிடித்து ஆட்டவில்லை. இரண்டு மணிக்கு வண்டி வந்தது.

சாயங்காலம், வரிசையின் வால்பக்கம் இருந்த ஒரு பாட்டி ஒருவழியாகக் கவுண்டருக்கு வந்து சேர்ந்தாள். புது இரண்டாயிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு யார் சில்லறை தருவார் என்று திட்டினாள். பிறகு சொன்னாள்: "ஆனா அந்தப் பொம்பளை மேனேஜரு தேவலாம் தாயீ. அரைமணிக்கு ஒருதரம் வந்து வந்து சொல்லுச்சு." ஹெட் கேஷியர் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் திருத்தவில்லை.

இரவு பத்து மணிக்குக் கான்ஃபரன்ஸ் கால். மண்டல மேலாளர் களைத்த குரலில் ஒவ்வொரு கிளையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். எங்கள் கிளையின் பெயர் வந்தது. நாள் முழுக்கக் கத்திய வாய். யோசிக்காமல், எண்ணாமல், இருந்தபடியே பதில் வந்துவிட்டது:

"உள்ளேன் ஐயா!"

அந்தப் பக்கம் சத்தமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று.

அவரும் அந்தப் பயிற்சிக்குப் போயிருப்பார் போலிருக்கிறது.