ஐம்பத்தைந்தில் துடுப்பு: கேள்வி-பதில்

வீட்டுக்காரருக்கு 55 ஆகிறது. சேமநிதிப் பணம் வந்ததும் அடுப்படியை இழுத்துக் கட்டுவார் என்று பார்த்தால், துடுப்புப் படகுப் போட்டியில் இறங்கப்போகிறேன் என்கிறார். இந்த வயதில் இது தேவையா?
*(வாசகி, செடெனாக்)*

வயதுக் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார். உலக மூத்தோர் படகுப் போட்டிகளில் 27 வயதிலிருந்தே பிரிவுகள் தொடங்குகின்றன. 50-க்கு 'டி', 55-க்கு 'இ', 60-க்கு 'எஃப்'. 'இ' பிரிவில் உங்கள் வீட்டுக்காரர்தான் பொடியன். தூரமும் வழக்கமான 2000 மீட்டர் இல்லை, 1000 மீட்டர்தான். குழுப் படகென்றால் எல்லோருடைய வயதையும் கூட்டிச் சராசரி பார்ப்பார்கள். எழுபது வயதுக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் அவருக்கு மரியாதையோ மரியாதை! இருந்தாலும் அடுப்படியை முதலில் கட்டச் சொல்லுங்கள். படகு எங்கும் ஓடிப்போகாது.

செம்பனைத் தோட்டத்தில் பல வருஷம் குலை வெட்டியவன் நான். இந்தக் கைபலம் போதாதா?
*(வாசகர், கூலாய்)*

கைபலத்தை நம்பித்தான் எல்லாப் புதியவர்களும் கெட்டுப்போகிறார்கள். போட்டிப் படகில் நீங்கள் உட்காரும் பலகை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் உருளும். பாதங்கள் படகோடு கட்டப்பட்டிருக்கும். துடுப்பு தண்ணீருக்குள் இறங்கியதும் முதலில் கால்கள் உதைக்க வேண்டும். பிறகு இடுப்பிலிருந்து உடம்பு சாய வேண்டும். கை மடங்குவது கடைசியில்தான். பெரும்பங்கு வேலை கால்களுக்கு. முதல் நாள் எல்லோரும் கையால் இழுப்பார்கள், கொஞ்ச நேரத்தில் முன்கை கட்டையாகிவிடும், விரலைப் பிரித்து தே தாரிக் கிளாஸைக்கூடப் பிடிக்க முடியாது. உயரத்துக் குலையை வெட்டும்போது காலை ஊன்றித்தானே அரிவாளை இழுப்பீர்கள்? அந்தக் கால்தான் வேண்டும்.

உடற்பயிற்சிக் கூடத்துத் துடுப்பு இயந்திரத்தில் பழகினால் போதுமா?
*(வாசகர், கெலாப்பா சாவிட்)*

தொடங்க அதைவிட நல்ல இடமில்லை. ஒரு எச்சரிக்கை: காற்றாடிப் பெட்டியின் ஓரத்தில் 1 முதல் 10 வரை எண் போட்ட நெம்புகோல் இருக்கும். ஆண்பிள்ளைகள் நேராக 10-க்குத் தள்ளிவிட்டு உட்காருவார்கள், மறுநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவார்கள். 3 முதல் 5 வரை போதும். நெம்புகோல் காற்று உள்ளே போகும் அளவைத்தான் மாற்றும். வேகம் உங்கள் உதையில் இருக்கிறது. இந்த இயந்திரத்திலேயே வயதுவாரியாகப் போட்டிகளும் உண்டு. முதலையும் இல்லை, மழையும் இல்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றாலே பயம்.
*(வாசகர், சிம்பாங் ரெங்காம்)*

தத்து போக்கனால் என்பவரைத் தெரிந்துகொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தில் குடிதண்ணீருக்கே தவிக்கும் ஊர்க்காரர். தண்ணீர் என்றால் அவருக்கும் நடுக்கம். ராணுவத்தில் சேர்ந்து, இருபதைத் தாண்டிய பிறகே துடுப்பைத் தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் படகில் 13-வது இடம். பயம் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் நீச்சல் தெரியாமல் படகில் ஏறாதீர்கள். ஒற்றையர் படகு 8 மீட்டர் நீளம், அகலமோ உங்கள் இடுப்பளவுதான். இரண்டு துடுப்பும் தண்ணீரில் படிந்திருக்கும்வரை நிற்கும். ஒன்றைக் கைவிட்டால் குளியல்தான். நாற்பதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் இதயத்தையும் காட்டிவிட்டு வாருங்கள். 'இதுவரை ஒன்றும் வந்ததில்லை' என்பது மருத்துவச் சான்றிதழ் ஆகாது.

செடெனாக்கில் தண்ணீருக்கு எங்கே போவது?
*(வாசகர், செடெனாக்)*

இப்போது நம்மூரில் தரவு மையங்கள் முளைக்கின்றன, ஏரி முளைக்கவில்லை. தோட்டத்துக் குளத்தில் நாலு உதை உதைத்தால் மறுகரை. ஜொகூர் ஆற்றில் முதலை உண்டு. வேகம் கூடும், பயிற்சி கூடாது. நல்ல நீர் புத்ராஜெயா ஏரியில் இருக்கிறது, வண்டியில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். சிங்கப்பூர் பாண்டான் நீர்த்தேக்கம் பக்கம்தான், ஆனால் இரண்டாம் பாலத்தின் வரிசையைக் கடப்பவருக்கே தனிப் பதக்கம் தர வேண்டும். வாரநாளில் இயந்திரம், மாதத்துக்கொரு தடவை ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்குப் போனால் காலையிலேயே பசியாறிவிட்டு இறங்கிவிடுங்கள். பின்னேரம் நம் பக்கத்து இடிமின்னலுக்கு வெட்டவெளித் தண்ணீரில் நீட்டிக்கொண்டிருப்பது நீங்கள் மட்டும்தான்.

பெண்களுக்கு இதில் இடமுண்டா? மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்தவள் நான்.
*(வாசகி, ஜொகூர் பாரு)*

உண்டு. டிராகன் படகிலிருந்து தொடங்குங்கள். அந்தச் சிகிச்சைக்குப் பிறகு கைக்குக் கடும் வேலை கொடுத்தால் கை வீங்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே பயமுறுத்தினார்கள். 1996-ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், சிகிச்சை முடித்த 24 பெண்களை டிராகன் படகில் ஏற்றிப் பார்த்தார். பயந்தபடி நடக்கவில்லை. இன்று பல நாடுகளில் அப்படிப்பட்ட அணிகள் இருக்கின்றன. உங்கள் மருத்துவர் சம்மதித்தால் தயங்காதீர்கள்.

நம்மவர்களுக்கும் இந்த விளையாட்டுக்கும் சம்பந்தமுண்டா?
*(வாசகர், செகாமாட்)*

அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867-லிருந்து இருக்கிறது. கொழும்புப் படகு கிளப் அதற்கும் மூத்தது, 1864. இரண்டும் 1898 முதல் மோதிக்கொள்கின்றன. ஆரம்பத்தில் வெள்ளைக்காரர்களின் வட்டம். இப்போது நம் பிள்ளைகளும் வலிக்கிறார்கள். மேல்தட்டு வாசனை இன்னும் முழுதாகப் போகவில்லை என்பது என் எண்ணம்; தோட்டத்திலிருந்து நாலு பேர் போனால் போகும்.

உண்மையைச் சொல்லுங்கள், பதக்கம் கிடைக்குமா?
*(செடெனாக் வாசகியின் வீட்டுக்காரர்)*

'இ' பிரிவில் கஷ்டம். இளமையிலிருந்தே வலித்தவர்கள் அங்கே நிறைய. 80 வயதுக்கு 'ஜே' என்று ஒரு பிரிவு இருக்கிறது. கூட்டம் குறைவு. அதுவரை சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வையுங்கள்.