கடைமடைப் பயணியின் விண்ணப்பம்

பெறுநர்: தலைவர் அவர்கள், இந்திய விமான நிலைய ஆணையம், புது தில்லி.

பொருள்: சென்னையில் உள்நாட்டு விமானத்திலிருந்து இறங்கி வெளிநாட்டு விமானத்தில் ஏறவேண்டிய டெல்டா மாவட்டத்தாருக்கு முறை வைத்து வழிவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வெளிநாட்டுப் போக்குவரத்துக்கு ஓர் ஆணையம், உள்நாட்டுப் போக்குவரத்துக்கு ஓர் ஆணையம் என்று இரண்டாக இருந்தவை 1995 ஏப்ரல் 1 அன்று ஒன்றாகி, தாங்கள் பிறந்தீர்கள். அலுவலகங்கள் இணைந்து முப்பது ஆண்டு கடந்துவிட்டது. முனையங்களுக்கு மட்டும் அந்தச் சுற்றறிக்கை இன்னும் போய்ச் சேரவில்லை. சென்னை மீனம்பாக்கத்தில் 1-ஆம் முனையமும் 4-ஆம் முனையமும் உள்நாட்டுக்கு, 2-ஆம் முனையம் வெளிநாட்டுக்கு. 3-ஐ யாரும் தேட வேண்டாம், அதை இடித்தாகிவிட்டது. உள்நாட்டுப் பக்கத்துக்குக் காமராசர் பெயர், வெளிநாட்டுப் பக்கத்துக்கு அண்ணா பெயர். வரலாற்றில் இந்த இருவருக்கும் நடுவில் பக்தவத்சலம் இருந்தார். தங்கள் வளாகத்தில் நடுவில் இருப்பவை: பெட்டி சுற்றும் பெல்ட், வெளிவாசல், வெயில், டிராலி, வாசலில் பாஸ்போர்ட் பார்க்கும் காவலர், செக்-இன் வரிசை, குடியேற்ற அதிகாரியின் வரிசை, உடல் சோதனை வரிசை. காங்கிரசிடமிருந்து ஆட்சி கைமாற ஒரு பொதுத் தேர்தல் போதுமானதாக இருந்தது.

தஞ்சாவூரிலிருந்து நேரே பறப்பவர்கள் விமானப்படைக்காரர்கள் மட்டும்தான். 2020 ஜனவரியில் அங்கே சுகோய்-30 படைப்பிரிவு ஒன்று வந்து நிலைகொண்டது; அவர்களுக்கு இணைப்பு விமானம் பிடிக்கும் தொல்லை கிடையாது. மற்றவர்கள் ஒரத்தநாடோ மன்னார்குடியோ திருத்துறைப்பூண்டியோ, எங்கிருந்து கிளம்பினாலும் திருச்சிக்குப் போயாக வேண்டும். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்றால் அங்கேயே ஏறிவிடலாம். அதற்கு நன்றி சொல்லாமல் இருப்பது முறையல்ல. 2024-இல் அங்கே திறந்த புது முனையமும் கோலமும் கோபுரமுமாக அழகாகத்தான் இருக்கிறது. லண்டன் போகிறவருக்கும், நேரடி விமானத்தில் இடமோ காசோ பொருந்தாமல் சென்னை வழியாகப் போகிறவருக்கும்தான் சிக்கல். திருச்சியிலிருந்து சென்னை வானத்தில் ஒரு மணி நேரம். இறங்கியபின் தரையில் எவ்வளவு நேரம் என்று அவருக்கு எழுதிக் கொடுப்பார் இல்லை. வெளிநாட்டு விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெரும்பாலான நிறுவனங்கள் கவுண்டரை மூடிவிடுகின்றன என்பது மட்டும் உறுதி. இந்த அவதிக்கு அலட்சியம் காரணம், திறமைக்குறைவு காரணம் என்று பலர் தங்களைத் திட்டுகிறார்கள். அடியேன் அவர்களோடு சேரமாட்டேன். தாங்கள் சரியாகவே கணக்குப் போட்டு நடத்துகிறீர்கள். ஓர் இணைப்பு அறுந்தால் நட்டம் யாருக்கோ, அவர்தான் அதைக் கட்டிக் காப்பார். சென்னையில் அந்த நட்டம் தங்களுக்கு இல்லை. சொல்ல வந்தது இவ்வளவுதான், மற்றவை சான்றுகள்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரில் கொழும்புக்கு ஒரே டிக்கெட்டாக வாங்க முடிந்தது. ரயில் தனுஷ்கோடித் துறை வரை போகும், அங்கே நீராவிக் கப்பல் நிற்கும், அக்கரையில் தலைமன்னாரில் இன்னொரு ரயில் காத்திருக்கும். நடுவில் கடல் இருந்தது, பின்னாளில் இரண்டு சுதந்திர நாடுகளின் எல்லையும் இருந்தது. ஆனாலும் 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோகும் வரை போட் மெயில் என்ற அந்த ரயில் ஓடியது. வெள்ளைக்காரன் காலத்துக் கருணை என்று யாரும் உருக வேண்டாம். இலங்கைத் தோட்ட முதலாளிகள் 1904-இல் திருச்சியிலேயே தொழிலாளர் ஆணையம் ஒன்றை வைத்து ஆள் சேர்த்தார்கள். சேர்ந்தவர் கையில் தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரைக்கூட அந்தத் தகரம் வழியெல்லாம் கைமாற்றிக் கைமாற்றி, இன்ன தோட்டம் என்று கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனை என்று அடைத்து வைத்தார்கள்; வாங்கிய முன்பணம் கடனாக ஏறிக் கழுத்தை நெரித்தது. அது கொடுமையான ஏற்பாடு. ஆனால் அந்தக் கொடுமைக்காரர்கள்கூட ஆளை நடுவழியில் தொலைக்காமல் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் ஆள் தொலைந்தால் கொழுந்து பறிக்கக் கை இருக்காது, நட்டம் துரைக்கு.

துரைகள் போய்விட்டார்கள், கணக்கு போகவில்லை. துபாயில் இறங்கி வேறு விமானம் ஏறுகிற புதிய ஆள் ஏன் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்? எமிரேட்ஸ் நிறுவனமும் துபாய் அரசுடையது, விமான நிலையமும் துபாய் அரசுடையது. சிங்கப்பூரில் சாங்கி நிலையம் அந்நாட்டு நிதியமைச்சகத்தின் கையில், சிங்கப்பூர் ஏர்லைன்சின் பெரும்பங்கு அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கின் கையில். வழி தெரியாமல் ஒருவர் விமானத்தைத் தவறவிட்டால், அடுத்ததில் இடம் கொடுப்பதும் அறை எடுத்துக் கொடுப்பதும் கடைசியில் ஒரே பையிலிருந்துதான் போக வேண்டும். அதனால் அம்புக்குறிகள் பெரிதாக இருக்கின்றன. சென்னையிலோ கட்டடம் தங்களுடையது, விமானம் தனியாருடையது, பாஸ்போர்ட் முத்திரை உள்துறையுடையது, பெட்டிச் சோதனை நிதித்துறையுடையது; விமானத்தைத் தவறவிடுவது மட்டும் பயணியுடையது. இரண்டு டிக்கெட்டாக வாங்கியவர் திருச்சியில் ஒரு முறையும் சென்னையில் ஒரு முறையும் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் கட்டுகிறார். இன்று போகாவிட்டால் நாளை புது டிக்கெட்டில் போவார். சென்னைக் கட்டணம் தங்களுக்கு எப்படியும் வந்துவிடும். இடைப்பட்ட பொழுதைக் கழிக்கவும் வழி செய்யப்பட்டிருக்கிறது: 2023-இல் தங்கள் வளாகத்து அடுக்குக் கார் நிறுத்தத்தோடு சேர்ந்த வணிக வளாகத்தில் ஐந்து திரைகளோடு சினிமா தியேட்டர் திறந்தது. இணைப்பு விமானத்துக்குக் காத்திருப்போருக்குப் பயன்படும் என்று அப்போது பெருமையாகச் சொல்லப்பட்டது. விமானத்தை விட்டவருக்கு இரண்டாம் ஆட்டமும் கிடைக்கும்.

ஒரே டிக்கெட்டாக வாங்க வேண்டியதுதானே என்று தங்கள் அதிகாரிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதித்தாலும் நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டு, பெட்டியும் நேரே போய்விடும். ஆனால் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு நிறுவனமும் அங்கிருந்து வேறொரு நிறுவனமும் பறக்க, இரண்டுக்கும் ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்த ஒரே டிக்கெட்டை விற்பார் இல்லை. இருந்தாலும் விலை ஏறும். ஐந்தாறு ஆயிரம் மிச்சம் என்று ஏஜென்ட் இரண்டாகப் போட்டுக் கொடுப்பதை, விவரம் தெரியாமல் வாங்கிவிட்டார் என்று கேலி செய்வது எளிது. கேலி செய்யுமுன் அரசாங்கம் அவரைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று குறிப்பார்கள். சவூதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக வேண்டுமென்றால், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, புலம்பெயர்வோர் காப்பாளர் அனுமதி தர வேண்டும். ஏமாற்றப்படக்கூடியவர், கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டியவர் என்று இந்தியக் குடியரசே முத்திரை குத்தியிருக்கிறது. அவருக்குக் கட்டாயக் காப்பீடும் உண்டு: விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய். இப்படியெல்லாம் பாதுகாக்கப்பட்டவர் உள்நாட்டு முனைய வாசலில் வந்து நின்றதும், தலைக்கு மேலே ஒரு பலகையைக் காட்டி, இனி நீயே பார்த்துக்கொள் என்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் குழந்தை, தங்கள் கண்ணில் உலகம் சுற்றியவர். இடையில் உள்ள தூரம் ஒரு தானியங்கிக் கதவு.

போதாக்குறைக்கு, 2023-இல் சென்னையை அமைதி விமான நிலையம் ஆக்குவதாக அறிவித்தீர்கள். ஓயாத அறிவிப்பு காதுக்கு இரைச்சல், திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பது வாதம். இரைச்சல் என்பது உண்மை. ஆனால் தண்டோரா போடுவது மனித மாண்புக்கு ஒவ்வாது என்று 2022-இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் நிறுத்தச் சொன்னபோதுகூட, சேதி சொல்வதையே நிறுத்தச் சொல்லவில்லை, வண்டியில் ஒலிபெருக்கி கட்டச் சொன்னார். திரையில் ஓடும் எழுத்து படிக்கப் பழகியவனுக்குச் சேதி. மற்றவனுக்கு அலங்காரம், சுவரில் இருக்கும் கோலம் மாதிரி.

இனிப் பெரிய ஆட்சேபத்துக்கு வருகிறேன். வரிசை எங்களுடையது அல்ல. குடியேற்றம் உள்துறை, காவல் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை, சுங்கம் வேறு அமைச்சகம், நாங்கள் வெறும் கட்டடக்காரர்கள் என்பீர்கள். காவிரிக் கரையில் வசிப்பவர்களிடம் இதைச் சொல்வது கொஞ்சம் துணிச்சல்தான். எங்கள் தண்ணீர் ஒரு மாநிலத்தில் பிறந்து, ஒத்துப்போகாத இன்னொரு மாநிலத்துக்கு வருகிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னது. எல்லையில் பிலிகுண்டுலுவில் தினமும் அளக்கிறார்கள். அளவு குறைந்தால் காவிரி மேலாண்மை ஆணையத்தில் சண்டை. தங்களிடம் ஒரே அரசின் நான்கு கைகள், ஒரே கூரை, அளவுகோல் மட்டும் இல்லை. உள்நாட்டு முனையத்தில் எத்தனை மணிக்கு எத்தனை பேர் வெளியே வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வெளிநாட்டு வாயிலைத் தாண்டினார்கள் என்று அளக்கிற பிலிகுண்டுலு ஒன்றும் மீனம்பாக்கத்தில் கிடையாது. 2025-இல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது, 15 அன்று கல்லணை திறந்தது. இன்ன நாளில் இன்ன ஆற்றுக்கு எத்தனை கன அடி என்று டீக்கடை வரை தெரியும். 2024-இல் அணையில் நீர் போதாமல் ஜூலை 28 வரை திறப்பு தள்ளிப்போனது. அப்போது அரசு, விவசாயி ஏன் சீக்கிரம் வரவில்லை என்று கேட்கவில்லை, 78.67 கோடி ரூபாயில் குறுவைச் சிறப்புத் தொகுப்பு அறிவித்தது. தலைமடையில் தளும்பினாலும் கடைமடைக்கு வந்து சேர்வதில்லையே என்று தாங்கள் மடக்கலாம். வராத வருடங்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. வராவிட்டால் சாலை மறியல் நடக்கும், தாசில்தார் வருவார், பொறியாளர் வாய்க்காலில் இறங்கிப் பார்ப்பார். பயணி போய்ச் சேராவிட்டால் வராதவர் பட்டியலில் ஒரு பெயர் கூடும். கதவை மூடிக்கொண்டு விமானம் ஓடுபாதைக்குப் போய்விடும்.

பரந்தூரில் புது நிலையம் வந்தால் நெரிசல் தீரும் என்று ஆறுதல் சொல்கிறார்கள். ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் தங்கள் வயலுக்காகப் போராடுவது ஒரு புறம் இருக்கட்டும். பரந்தூர் வந்தபின் மீனம்பாக்கமும் இயங்கும் என்கிறார்கள். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டியவருக்கு இப்போதுள்ள வெயில் நடையின் அருமை அன்றைக்குத் தெரியும்.

ஆகவே, தங்களிடம் கேட்பது கருணையை அல்ல, நட்டத்தில் ஒரு பங்கை. திருச்சி விமானத்தில் வந்து இறங்குகிறவர் சென்னையில் அடுத்த விமானம் ஏறக் குறைந்தது எவ்வளவு நேரம் வேண்டும் என்று தாங்களே ஒரு கெடுவை எழுத்தில் வெளியிட வேண்டும். டிக்கெட் விற்கும் ஏஜென்ட் அதைக் கடைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். அந்தக் கெடுவுக்குள் அடங்கும்படி வந்து இறங்கியவர் வரிசையில் நின்றே விமானத்தை விட்டால், மறு டிக்கெட்டின் விலை பயனாளர் மேம்பாட்டுக் கட்டண வருவாயிலிருந்து போக வேண்டும். இது நடைமுறைக்கு வந்த மறு வாரமே இணைப்பு வழி ஒன்று கூரையோடும் தனி வரிசையோடும் முளைத்துவிடும் என்பதில் அடியேனுக்குச் சந்தேகமில்லை. ஏமாற்றிப் பணம் கேட்பார்களே என்ற பயமும் வேண்டாம். வந்திறங்கிய நேரமும் வாயில் தாண்டிய நேரமும் தங்கள் கேமராவிலேயே இருக்கும். அதுவரை இடைக்கால ஏற்பாடாக, உள்நாட்டு வெளிவாசலில் லஸ்கர் ஒருவரை நிறுத்தினால் போதும். ஆற்றுப் பாசனத்தில் ஷட்டரைத் தூக்கி இறக்குகிறவரும், எந்த வாய்க்காலுக்கு இன்று முறை என்று வாயால் சொல்கிறவரும் அவரே.

இப்படிக்கு,
டெல்டா மாவட்டக் குடிமகன்.

நகல்: நீர்வளத் துறை, தஞ்சாவூர் – தங்கள் துறையிலேயே லஸ்கர் பணியிடங்கள் காலி என்று விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் முறையிடுவதை அறிவோம். ஆயினும் குறுவை அறுவடை முடிந்ததும் இருவரை மீனம்பாக்கத்துக்கு அயற்பணியில் அனுப்ப இயலுமா என்று தெரிவிக்கக் கோரப்படுகிறது. பயணப்படி உண்டா என்று கேட்டால், விமான நிலைய ஆணையத்தைக் கேட்கவும்.