பன்னிரண்டு கம்புக்கு நடுவே ஒரு பட்டப்படிப்பு

நாய்களின் தடைதாண்டல் போட்டியான அஜிலிற்றியைப் பற்றிப் போன முறை ஒரேயொரு பதில் எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளால் இம்முறை பக்கம் முழுக்க வால் ஆடுகிறது. அரசியல் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுக்க வேண்டும். நாய்கள் பொறுக்கமாட்டா.

கேள்வி: அஜிலிற்றி, அஜிலிற்றி என்கிறீர்களே, அது சர்க்கஸ் நாய் காட்டுகிற வித்தைதானே?
— உயர்தர மாணவன், பரந்தன்

இல்லைத் தம்பி. சர்க்கஸ் நாய் நேற்றுச் செய்ததையே இன்றைக்கும் செய்யும். அஜிலிற்றியில் ஒவ்வொரு போட்டிக்கும் பாதை புதிது. தாண்டும் கம்பு, சுரங்கம், ஏறியிறங்கும் சாய்பலகை, ஏறுபலகை, வளையம் என்று இருபதளவு தடைகளை நடுவர் தன் எண்ணப்படி வைத்து இலக்கம் போடுவார். நாயை வெளியே விட்டுவிட்டு ஆள் மட்டும் சில நிமிடம் நடந்து பாதையை மனப்பாடம் செய்யலாம். நாய் அந்தப் பாதையைக் காண்பதே ஓடும்போதுதான். ஆளுக்குப் பாதை தெரியும், வேகம் போதாது. நாய்க்கு வேகம் உண்டு, பாதை தெரியாது. இந்த இரண்டு குறையையும் ஒரு நிமிடத்துக்குள் ஒன்றாகக் கட்டி ஓடுவதுதான் விளையாட்டு.

ஓடும்போது கயிறு கூடாது, கையில் இறைச்சித் துண்டோ பந்தோ கூடாது. நாயைத் தொட்டால் பிழைப்புள்ளி. முரட்டுத்தனமாக நடத்தினால் போட்டியிலிருந்தே வெளியேற்றம். குரல், தோள், கால் திரும்பும் திசை, இவ்வளவுதான் உங்களுக்கு அனுமதித்த ஆயுதம். எங்கள் மாட்டுவண்டிச் சவாரியிலும் இந்த விதி வரும் நாளை நான் ஆசையோடு பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இது எந்த ஊர்க் கண்டுபிடிப்பு?
— ஆசிரியர், நெடுங்கேணி

இலண்டன். 1978இல் ஒலிம்பியா மண்டபத்தில் நடந்த கிரவ்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டு பெரிய நிகழ்ச்சிகளுக்கு இடையே சனம் எழும்பிப் போகாமல் இருக்க ஏதாவது வேண்டியிருந்தது. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஜோன் வார்லி குதிரைகளின் தடைதாண்டல் ஓட்டத்தை நாய்க்கு வைத்துப் பார்க்கலாம் என்றார். பீற்றர் மீன்வெல் என்ற பயிற்சியாளர் தடைகளை வடிவமைத்தார். இடைவேளையை நிரப்ப வந்தது இரண்டே வருடத்தில், 1980இல், பிரித்தானியாவின் கெனல் கிளப்பின் அங்கீகாரம் பெற்ற தனி விளையாட்டாகிவிட்டது. 1996இலிருந்து அனைத்துலக நாயியல் கூட்டமைப்பு உலகச் சம்பியன்ஷிப் போட்டியும் நடத்துகிறது.

கேள்வி: அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறேன். காலையில் விரிவுரை, பின்னேரம் ஆய்வுகூடம், இரவில் ஒப்படை. வீட்டில் வீமன் என்றொரு நாய் நிற்கிறான். ஓடவிட்டால் முயலும் தோற்கும். படிப்பும் கெடாமல் அவனையும் பழக்க முடியுமா?
— பொறியியல் பீட மாணவன், கிளிநொச்சி

முடியும். நீங்கள் நினைப்பதைவிடக் குறைந்த நேரத்தில் முடியும். நாய்க்கு ஒரு தடவையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பாடம் நடத்தினால் அதன் கவனம் சிதறும். பல விரிவுரையாளர்களுக்கும் சொல்ல வேண்டிய செய்தி இது. காலையில் ஐந்து, பின்னேரம் ஐந்து. பரீட்சைக் கிழமையில் முழுக்க நிறுத்தினாலும் பழகியது அழியாது. ஓய்வுக்குப் பிறகு இன்னும் உற்சாகமாகச் செய்யும் நாய்களும் உண்டு.

கருவி ஏற்கெனவே உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது: அமுக்கினால் 'டிக்' என்று கேட்கும் குமிழ்முனைப் பேனை. முதல் ஓரிரு நாள் 'டிக்' ஒலித்தவுடன் கடலையளவு அவித்த ஈரல் கொடுங்கள், வேறொன்றும் வேண்டாம். ஒலி கேட்டால் தீனி வரும் என்று வீமனுக்கு விளங்கியபின், அவன் சரியாகச் செய்த அந்தக் கணத்தில் அமுக்குங்கள். தீனி இரண்டு விநாடி பிந்தினாலும் பரவாயில்லை, எதற்காகக் கிடைத்தது என்பதை ஒலி அவனுக்குச் சொல்லிவிட்டது. நேரம் பார்த்து அமுக்குவதுதான் முழு வித்தை.

இந்த முறையை உலகுக்குக் கொண்டுவந்தவர்களும் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள்தான். மினசோட்டாவில் பி. எஃப். ஸ்கின்னரின் மாணவர்களாக இருந்த கெல்லர், மரியான் பிரெலண்ட் தம்பதி 1940களில் ஆய்வுகூடத்தை விட்டு வெளியேறி, கோழி முதல் திமிங்கிலம் வரை பழக்கினார்கள். இடையில் விட்ட படிப்பை மரியான் மறக்கவில்லை. 1978இல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் வாங்கினார், இலண்டனில் நாய்கள் முதன்முதல் கம்பு தாண்டிய அதே வருடத்தில். ஆனால் அவரைப் பார்த்து நீங்களும் படிப்பை இடையில் விட வேண்டாம். வீமன் கேட்பது பத்து நிமிடம் மட்டுமே.

பிரித்தானியாவின் இளையோர் கெனல் கிளப்பில் 6 முதல் 24 வயது வரை சேரலாம். கிரவ்ட்ஸில் அவர்களுக்கென்றே அஜிலிற்றிப் போட்டிகள் இருக்கின்றன. பாடசாலையும் பல்கலைக்கழகமும் முடிகிற வயதுவரை நாயோடு ஓட ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். நல்ல கணக்கு.

கேள்வி: மகன் பம்பைமடுவில் பல்கலைக்கழக விடுதியில். சனி, ஞாயிறு வந்து நாயோடு துள்ளிவிட்டுப் போகிறான். மிச்ச ஐந்து நாளும் கஞ்சி வைப்பதும் உண்ணி பிடுங்குவதும் நான். இதில் போட்டி வேறு வேண்டுமாம்!
— ஒரு தாய், புதுக்குடியிருப்பு

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் மகன் முதலில் வாசிக்க வேண்டும். பட்டப்படிப்பு நாலு வருடம். நல்லபடி பார்த்தால் நாய் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் இருக்கும். அவன் பட்டம் வாங்கி, வேலை தேடிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடும் போகலாம். அவ்வளவு காலமும் வாசலில் படுத்திருக்கப்போகிற நாயின் ஆள் நீங்கள். ஆகவே நிபந்தனை போடும் உரிமை உங்களுக்குத்தான். தடுப்பூசி, உண்ணி மருந்து, கருத்தடை மூன்றும் மகனின் பொறுப்பு. கிழமை நாளில் ஐந்து நிமிடம் பழக்க அவன் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டும். கஞ்சி வைக்க முன் நாயை 'இரு' என்று இருத்தி, நீங்கள் சொன்னபிறகே வாய் வைக்கப் பழக்குங்கள். அஜிலிற்றியின் தொடக்கக் கோட்டில் நாய் நிற்க வேண்டியதும் அப்படித்தான். உங்கள் குசினி வாசலிலேயே முதல் பாடம் நடக்கிறது. நாளைக்குப் போட்டியில் அந்த நாய் மகனைவிட உங்கள் குரலுக்கு நன்றாக ஓடினால், ஓட வேண்டியவர் நீங்களே. இந்த விளையாட்டில் ஆளுக்கு வயதெல்லை இல்லை.

கேள்வி: நாயை விடுதிக்கே கொண்டுவந்தால் என்ன?
— வவுனியாப் பல்கலைக்கழக மாணவன்

அமெரிக்காவின் புளோரிடாவில் எக்கர்ட் கல்லூரி 1973இலிருந்தே விடுதியில் செல்லப்பிராணிகளை அனுமதிக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமானதே 2021 ஓகஸ்டில். கொஞ்சம் மூச்சுவிட விடுங்கள். அதுவரை, நாலு கட்டில் உள்ள அறையில் ஐந்தாவதாக ஒரு உயிரைப் பகல் முழுக்கப் பூட்டி வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை.

கேள்வி: ஜேர்மன் ஷெப்பர்ட் வாங்க வசதியில்லை. ஊர்நாய் சரிவருமா?
— மாங்குளம் வாசகர்

நியூயோர்க்கின் வெஸ்ட்மின்ஸ்ரர் கெனல் கிளப் 1877இல் தொடங்கியது. சாதி, குலம், கோத்திரம் பார்த்தே நாய்க்கு மதிப்புப் போட்ட இடம். 2014இல் அங்கே அஜிலிற்றியைச் சேர்த்தபோது கலப்பு நாய்களுக்கும் கதவு திறந்தார்கள். 2024இல் ஒட்டுமொத்த வெற்றி நிம்பிள் என்ற கலப்பு நாய்க்கு. உயரத்திலும் சின்னது. அந்தப் பட்டத்தை ஒரு கலப்பு நாய் வென்றது அதுவே முதல் தடவை.

ஊர்நாய்க்கு இலேசான உடம்பு, நீண்ட கால், வெயில் தாங்கும் குட்டை மயிர். கனத்த உடம்புள்ள நாய்க்குக் கம்பு தாண்டித் தாண்டி மூட்டு தேயும். வன்னியில் இந்த விளையாட்டுக்கு நான் நாய் தெரிந்தால் வேலியோரம் நிற்பதைத்தான் தெரிவேன். பிறப்பில் தாழ்வு சொல்லும் பழக்கத்தை மனிதரிடத்தில் ஒழிக்கப் பாடுபடுகிற நாங்கள், நாயிடத்திலும் அதை விட்டுவிடலாம்.

கேள்வி: தடைச் சாமான்கள் என்ன விலை? எங்கே வாங்கலாம்?
— தொழில்நுட்பக் கல்லூரி மாணவன், வவுனியா

வாங்க வேண்டாம், வளவைச் சுற்றி ஒருமுறை நடங்கள். இரண்டு தண்ணீர்க் கானைக் கிடத்தி, மேலே ஒரு இலேசான பிவிசி குழாயை வையுங்கள். தாண்டும் தடை தயார். குழாயைக் கட்டவே கூடாது. கால் பட்டால் விழ வேண்டும், விழாத கம்பு நாயை விழுத்தும். தொடக்கத்தில் நாயின் முழங்கைக்குக் கீழேதான் உயரம்.

சுரங்கத்தின் விட்டம் 60 சென்றிமீற்றர். பழைய பெரிய சைக்கிளின் றிம் கிட்டத்தட்ட அதே அளவு. கம்பிகளைக் கழற்றி, விளிம்புக்குப் பழைய ரியூப் சுற்றி, ஆறேழு றிம்மை வரிசையாக நிறுத்தித் தறப்பாளால் மூடிக் கட்டுங்கள். உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் உரப்பையில் மணல். தறப்பாளைக் கண்டால் எங்கள் தலைமுறைக்கு வேறு நினைவுகள் வரும். அதற்குள்ளே ஒரு நாய் சந்தோசமாகப் புகுந்து மறுபக்கம் வருவதை என் கண்ணால் பார்க்க எனக்கு ஆசை.

பிறகு நெளிகம்புகள். 12 கம்பு, 60 சென்றிமீற்றர் இடைவெளி, ஒரு மீற்றர் உயரம். முதற்கம்பு தன் இடது தோள் பக்கம் இருக்கும்படி நாய் நுழைந்து, ஒன்றையும் விடாமல் நெளிந்து வெளியேற வேண்டும். நாய் தானாக ஒருநாளும் செய்யாத அசைவு இது, அதனால்தான் பழக்க மாதக் கணக்காகும். முதலில் கம்புகளை இரண்டு வரிசையாக அகட்டி நட்டு நடுவே ஓடவிடுங்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குங்கள். நாய்க்குத் தெரியாமலே ஒருநாள் அது நெளிந்துகொண்டிருக்கும்.

ஏறுபலகையை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். அதன் இரண்டு முனையிலும் வேறு நிறம் பூசிய பகுதி இருக்கும். இறங்கும்போது ஒரு பாதமாவது அதில் பட வேண்டும் என்பது விதி. உயரத்திலிருந்து நாய் குதித்துத் தோளை முறிக்காமல் இருக்க வைத்த விதி அது. ஆடுகிற பலகையில் ஏறி விழுந்த நாய் திரும்ப ஏறாது. நல்ல தச்சரிடம் போங்கள்.

கேள்வி: எங்கள் நாய் மூன்றாவது தடைவரை அழகாக ஓடும். நாலாவதில் அணிலைக் கண்டால் அஜிலிற்றியும் இல்லை, ஆளும் இல்லை!
— விசுவமடு சகோதரிகள்

பிரெலண்ட் தம்பதி ஒரு றக்கூனுக்குக் காசை உண்டியலில் போடப் பழக்கினார்கள். ஒரு காசு என்றால் போட்டது. இரண்டு காசு கொடுத்ததும் அவற்றை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தது, போடவேயில்லை. காட்டில் அது இரையைத் தேய்க்கிற பழக்கம் பயிற்சியை மேவிவிட்டது. 1961இல் இதை ஆய்வுக்கட்டுரையாகவே எழுதினார்கள். உங்கள் நாய் செய்வதும் அதுதான், குழப்படி அல்ல. அணில் இல்லாத நேரத்தில், மதிலுக்குள், குறைந்த தடைகளோடு தொடங்குங்கள். அணிலை விட்டு உங்களிடம் திரும்பி வந்தால் அன்றைக்குப் பெரிய துண்டு ஈரல்.

கிரவ்ட்ஸில் 2017இல் ஒல்லி என்ற சின்ன நாய் பாய்ந்து பாய்ந்து ஓடி முகங்குப்புற விழுந்து, எழும்பித் தன் பாட்டில் மைதானத்தைச் சுற்றியது. முழு மண்டபமும் எழுந்து நின்று கைதட்டாத குறை. அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு மறுபடி பழக்குங்கள், கோபம் வராது.

கேள்வி: எட்டு மாதக் குட்டி. சித்திரை வெயிலிலும் ஓடத் துடிக்கிறது. விடலாமா?
— கரைச்சி வாசகி

விடக்கூடாது. எலும்பு முற்றாத குட்டிக்கு உயரமான பாய்ச்சல் கேடு. அனைத்துலகப் போட்டிகளிலேயே 18 மாதம் நிரம்ப வேண்டும். இப்போது தரையில் வைத்த கம்பும் சுரங்கமும் போதும். நாய்க்கு எங்களைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, இளைத்துத்தான் சூடு தணிக்கும். ஆகவே சூரியன் ஏற முன், அல்லது சாய்ந்த பின். உங்கள் புறங்கையை மண்ணில் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

கேள்வி: கண்ணிவெடி இன்னும் முழுதாக எடுபடாத மண்ணில் நாய்க்கு விளையாட்டுக் காட்டுவது நியாயமா?
— ஓய்வுபெற்ற கிராம அலுவலர், பளை

ஐயா, இந்த மண்ணில் நாய்கள் செய்த வேலையை நினைத்துத்தான் நியாயம் என்கிறேன். அமெரிக்காவின் மார்ஷல் லெகசி நிறுவனம் இலங்கைக்குக் கொடுத்த கண்ணிவெடி மோப்ப நாய்கள், வெடிமருந்தின் மணம் பிடித்தால் உட்கார்ந்து காட்டப் பழகியவை. அந்தப் பழக்கம் அடியால் வந்ததல்ல. சரியாகச் செய்தால் விளையாடப் பந்து கிடைக்கும் என்ற ஆசையில் வந்தது. உயிர் காக்கும் வேலைக்கே விளையாட்டுத்தான் அடித்தளம்.

உங்கள் கேள்விக்குள் இருக்கும் எச்சரிக்கையை மாணவர்கள் தலையில் ஏற்ற வேண்டும். இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க 2028 யூன் வரை காலம். முகமாலைப் பக்கம் மண்டையோட்டுச் சிவப்புப் பலகையைக் கண்டிருப்பீர்கள். அப்படியான இடங்களுக்கு அருகே நாயைக் கயிறில்லாமல் அவிழ்த்துவிடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. பழகிய வளவு, பாடசாலை மைதானம், அதற்கு அப்பால் வேண்டாம்.

கேள்வி: வளாகச் சிற்றுண்டிச்சாலையடியில் கட்டாக்காலி நாய் ஒன்று நிற்கிறது. கெட்டிக்காரி. பழக்கட்டுமா?
— விவசாய பீட மாணவி, அறிவியல்நகர்

பழக்குங்கள் தங்கச்சி. அதற்கு முன் விசர்நாய்த் தடுப்பூசி. அரச சுகாதாரத்துறை அதை இலவசமாகவே போடுகிறது. பிறகு கருத்தடை. கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்று அரசு 2006இல் முடிவெடுத்தது. கொல்லாமல் விட்டால் மட்டும் போதாது, யாராவது பொறுப்பெடுக்கவும் வேண்டும். உங்கள் பீடத்திலேயே விலங்கு விஞ்ஞானத் துறை இருக்கிறது, போய்க் கேளுங்கள். நீங்கள் பட்டம் வாங்கிப் போகும்போது அவளை யாரிடம் ஒப்படைப்பது என்பதை இரண்டாம் வருடத்திலேயே பேசி முடியுங்கள்.

கேள்வி: எனக்கு நாய் விருப்பம், அவளுக்கு நாயென்றால் பயம். என்ன செய்ய?
— காதலன், முல்லைத்தீவு

தடையின் உயரத்தைக் குறையுங்கள். முதலில் தூங்குகிற நாயைத் தூரத்திலிருந்து காட்டுங்கள்.

கேள்வி: எல்லாம் சரி, எங்கள் பக்கம் போட்டிக்கு எங்கே போவது?
— விளையாட்டுக்கழகச் செயலாளர், துணுக்காய்

உங்கள் கழகத்துக்குத்தான். புதுவருட விளையாட்டு விழாவில் முட்டி உடைத்தலுக்கும் கயிறிழுத்தலுக்கும் நடுவே இருபது நிமிடம் ஒதுக்குங்கள். இலண்டனிலும் இடைவேளையில்தானே தொடங்கியது. ஆறு தடை போதும்: நாலு கம்பு, ஒரு சுரங்கம், ஒரு வளையம். கம்பு விழுந்தால் 5 பிழைப்புள்ளி. தடை முன்னே நின்று மறுத்தாலும் 5, மூன்று தடவை மறுத்தால் அந்த ஓட்டம் முடிந்தது. பிழை குறைந்தவர் முன்னே, பிழை சமனானால் நேரம் குறைந்தவர். நாய்களைத் தோள் உயரம் அளந்து சின்னது, பெரியது என்று பிரியுங்கள். தடுப்பூசி அட்டை காட்டாத நாய்க்கு இடமில்லை என்று அறிவித்தலிலேயே போடுங்கள். காலை எட்டு மணிக்கு முன் நடத்துங்கள், கோட்டருகே தண்ணீர் வாளி வையுங்கள், வெடி கொளுத்துவதை அது முடியும்வரை நிறுத்திவையுங்கள். ஒலிவாங்கி அறிவிப்பாளர் மெதுவாகப் பேச வேண்டும். நாய் கேட்க வேண்டியது தன் ஆளின் குரலை.