கடலோரத்தில் தனிக்கட்டைக்கு வாடகை வீடு

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை கிழக்கே ஆரோக்கியபுரத்தில் தொடங்கி, மேற்கே கேரள எல்லையை ஒட்டிய நீரோடியில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். கல்யாணமாகாத ஒருவர் வாடகைக்குக் குடியேறக்கூடிய பகுதி என்று அளந்தால் இது சில தெருக்களாகச் சுருங்கிவிடும்.

கடலோரத்தில் வீடு தேடுவது பெரும்பாலும் வெளியூர்க்காரர்தான். முப்பந்தல் காற்றாலையில் வேலைக்கு வந்த இன்ஜினியர், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் பயிற்சி டாக்டர், வங்கிக்கிளைக்கு மாற்றலாகி வந்த இளம் அதிகாரி ஆகியோர் இந்த வகையில் அடங்குவர். நாஞ்சில் நாட்டு விவசாயக் குடும்பங்கள் வயலையும் குளத்தையும் பார்த்து வீடு கட்டிக்கொண்டவை. கடல் அவர்களுக்கு மீன் வரும் திசை. மாலையில் காற்று வாங்கச் சங்குத்துறைக்கோ சொத்தவிளைக்கோ போவார்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். கடலைப் பார்த்தபடி காபி குடிக்க வேண்டும் என்று தோன்றும் ஆள் ஊருக்குப் புதிது என்பதைத் தரகர் அந்த ஒரு வாக்கியத்திலேயே கண்டுகொள்வார். வாடகையும் அப்போதே தீர்மானமாகிவிடும்.

முதலில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கன்னியாகுமரி ஊர்தான். சூரியன் உதிப்பதும் மறைவதும் ஒரே ஊரில் தெரியும். ஆனால் தினவாடகைக்கு ஓடும் அறையை மாதவாடகைக்கு விட எந்த உரிமையாளருக்கும் மனம் வராது. கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்கினால் தை வரை ஊரில் கால் வைக்க இடமிருக்காது. கூட்டத்துக்குக் காரணங்கள் கூடிக்கொண்டும் வருகின்றன: 1970இல் விவேகானந்தர் மண்டபம், 2000இல் திருவள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் இறுதியில் இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம். தப்பித்தவறி ஒரு மாடி கிடைத்தால், சிலை தெரியும் என்பதற்காகத் தனியாக ஒரு தொகை சேரும். 133 அடி வள்ளுவர் கரையை நோக்கித்தான் நிற்கிறார். இல்வாழ்க்கைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியவர் தினமும் காலையில் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தனிக்கட்டை தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அங்கிருந்து மேற்கே மணக்குடி, பள்ளம், ராஜாக்கமங்கலம்துறை, அழிக்கால் என்று மீனவ ஊர்கள் வரிசையாக வருகின்றன. இங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. அவரவர் குடியிருக்கக் கட்டியவை. வாடகைக்கு என்று பலகை தொங்குவது அபூர்வம். பங்குக் கோயிலும் ஊர்க்கமிட்டியும் அறியாமல் ஒரு புதிய செருப்புகூட வாசலில் கிடக்க முடியாது. பத்து நாள் திருவிழாவின்போது ஒலிபெருக்கிக்கு நேரெதிர் மாடியில் இருப்பவருக்குத் தூக்கம் கிடையாது, சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது.

காலியாகக் கிடக்கும் மாடிகள் இருப்பது கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஈத்தாமொழி, மணவாளக்குறிச்சி போன்ற ஊர்களில். மகன் மஸ்கட்டிலோ குவைத்திலோ இருப்பான். சாவி அம்மாவின் முந்தானையில் இருக்கும். அந்த அம்மா நடத்தும் நேர்காணலை எந்த வங்கித் தேர்வும் எட்டாது.

"மக்களே, ஊரு எங்க?"

"திருச்சிப் பக்கம், அம்மா."

"வீட்டுல யாரெல்லாம் உண்டு?"

"அப்பா, அம்மா, ஒரு தங்கச்சி."

"ஒனக்குக் கல்யாணம்?"

"தங்கச்சிக்கு முடியட்டும்னு பாக்கேன்."

இந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண். திருச்சிக்காரர் வாயில் இந்தப் பக்கத்து 'பாக்கேன்' வந்ததற்கு உபரியாக இரண்டு. அடுத்த கேள்வி, "கூட்டுக்காரன்மாரு வருவானுவளா?" என்பது. கூட்டுக்காரன் என்றால் இந்தப் பக்கத்தில் நண்பன். இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார். உண்டு என்றால் வீடு கிடைக்காது. எப்போதாவது, ஞாயிற்றுக்கிழமை, பகலில் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வது வழக்கத்தில் உள்ள முறை. கடைசியாக, எந்தக் கோயிலுக்குப் போவது என்ற கேள்வி வரும். இந்த மாவட்டத்தில் அம்பலம், பள்ளிவாசல், சர்ச் மூன்றும் ஒரு மைல் சுற்றுவட்டத்திலேயே இருப்பதால், தூரத்தைக் காரணம் காட்டி நழுவ முடியாது. வாடகைக்காரர் பெண்ணாக இருந்தால் கேள்விகள் குறையும், கேட் பூட்டும் நேரம் முந்தும். எல்லாம் முடிந்த பிறகு, "எனக்கு ஒண்ணுமில்ல மக்களே, பக்கத்து வீட்டுக்காரங்கதான்..." என்று அந்த அம்மா இழுத்தால் வீடு இல்லை என்று பொருள். பக்கத்து வீட்டிலும் போய்க் கேட்டுப் பார்த்தால் அங்கேயும் இதே வாக்கியம் கிடைக்கும்.

முட்டத்தைப் பொறுத்தவரை சினிமாவையும் கணக்கில் கொள்ள வேண்டும். 'அலைகள் ஓய்வதில்லை' 1981இலும் 'கடலோரக் கவிதைகள்' 1986இலும் வந்தன. பாரதிராஜா இந்தப் பாறைகளில் காதலர்களை ஓட விட்டதிலிருந்து, காதலிக்க ஆள் இல்லாதவர்களும் இங்கே வீடு கேட்டு வருகிறார்கள். பாறையில் அலை எட்டாது என்று நினைத்து நிற்பது உயிருக்கு ஆபத்து. வாடகையைவிட முக்கியமான தகவல் அது.

மணவாளக்குறிச்சியின் பெருமை அதன் மணலில் இருக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். எரிவாயு விளக்கின் மேன்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. மத்திய அரசின் அருமணல் ஆலை இன்றும் இங்கே இயங்குகிறது. ஆக, கடற்கரைக்குப் போய்விட்டு வந்து காலைத் தட்டாமல் படுப்பவரின் பாயில் அணுசக்தித் துறைக்கு வேண்டிய பொருள் கொஞ்சம் கிடக்கும்.

குளச்சல் நகராட்சி, சந்தை உண்டு, பஸ் உண்டு, 1741இல் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த வரலாறும் உண்டு. சாப்பாட்டுப் பிரியருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்றே சொல்லலாம், ஒரு குறை தவிர. விசைப்படகுகளுக்கு மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல் மேற்குக் கணக்கு, கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு. எனவே மே முடியும்வரை குளச்சலிலும், ஜூன் நடுவில் சின்னமுட்டத்திலும் குடியிருப்பவருக்கு இடையில் இரண்டு வாரம்தான் விசைப்படகு மீனுக்குப் பஞ்சம். தனிக்கட்டைக்குச் சாமான் குறைவு என்பதால் இது நடைமுறைக்கு ஒவ்வாததல்ல. அந்த இரண்டு வாரத்துக்கு வள்ளத்து மீன் இருக்கிறது. விலை கட்டுப்படியாகாவிட்டால் மரச்சீனிக்கிழங்கும் கருவாடும்.

தேங்காய்ப்பட்டணத்துக்கு அப்பால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை. இங்குள்ள ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. அந்த நேரத்தில் வெளியூர்ப் பையனுக்கு மாடி கொடுக்க ஊர் யோசிக்கும். ஊர் யோசிப்பது நியாயமும்கூட.

எங்கே இருந்தாலும் உப்புக்காற்று ஒன்றுதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது பறக்கும் நுண்துளிகள் அதைச் சுமந்து வந்து கேட், ஃபிரிட்ஜின் பின்புறம், பைக் செயின் என்று பாரபட்சமில்லாமல் படிய வைக்கும். முதலில் பலியாவது பூட்டு. சாவி பாதி திரும்பி நின்றுவிடும். துவாரத்தில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, சாவியை உள்ளேயும் வெளியேயும் மெல்ல ஆட்டி, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டே திருப்பினால் செம்பழுப்பாக ஒரு வண்டல் கசிந்து திறக்கும். சட்டையில் பட்டால் அந்தக் கறை எளிதில் போகாது. பித்தளைப் பூட்டு வாங்குவது உத்தமம். ஆடியில் துவைத்த துணி காய்வதில்லை. வெறும் ஈரமாக இருந்தது உப்பு ஈரமாக மாறும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காத வீடுகள் உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

கடலுக்கு எவ்வளவு தூரம் என்பதை வீடு பார்க்கப் போகும் நாளில் அல்ல, கடல்சீற்ற நாளில் அளக்க வேண்டும். அலையைத் தடுக்கும் தூண்டில் வளைவு இல்லாத கரைகளில் அலை வாசலுக்கு வருவது செய்தித்தாளில் ஆண்டுதோறும் வரும் செய்தி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கொட்டில்பாடும் குளச்சலும் மணக்குடியும் பட்ட பாட்டை அறிந்தவர்கள் இதில் வேடிக்கை பேசுவதில்லை. முதல் வரிசை வீடு வேண்டாம் என்று கேட்காமலே சொல்லிவிடுவார்கள்.

ஒப்பந்தம் எழுதும்போது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தைக் குறிப்பிடலாம். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது அது. வேறுவிதமாக ஒப்புக்கொள்வதற்குத்தான் வீட்டுக்காரர் வாடகைக்காரரை நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டன்சாயா கொடுக்கிறார். காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை கழியும். துருப்பிடித்த சன்னல் கம்பியைக் காட்டி இன்னும் கொஞ்சம் கழிக்கப் பார்த்தால், குடிவந்த அன்றே எடுத்து வைத்த போட்டோ உதவும்.

காலி செய்வதற்கு இரண்டே காரணங்கள் வழக்கில் உண்டு: மாற்றல், கல்யாணம். இரண்டாவது என்றால் அந்த அம்மாவே, "எங்க மக்களே போற, குடும்பமா இங்கயே இரியேன்" என்று வாடகையைக்கூடக் குறைப்பார். வரும் மணமகள் பெரும்பாலும் பைப்பைத் திறந்து தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, நாகர்கோவிலில் ராமன்புதூர்ப் பக்கம் விசாரிக்கச் சொல்கிறாள்.